மூச்சுக்குடி

மதிப்பாளர் சுவர்மானியை ஹால் சுவரில் அழுத்திப் பிடித்தார். முள் பச்சைக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் சந்தானம், சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லா மூச்சு விட்டிருக்கீங்கம்மா,” என்றார் மோனிஷாவிடம்.

சுவர் தேறினால் வீடு விலைக்குப் போகும். விலைக்குப் போனால், அதில் மூச்சு விடவென்று குடிவைத்த மூச்சாள் சட்டி பானையைத் தூக்க வேண்டும். அவளும் புருஷன் ஜெகதீசனும் இதற்குமுன் இருந்த வீடுகளிலெல்லாம் அதுதான் நடந்தது. மகள் இலக்கியா ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாற்போல இரண்டு வருஷம் படித்ததில்லை.

கோவளத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி எழும்பிய புறநகர் முழுக்க உயிர்ப்பூச்சு வீடுகள்தான். அதற்கு முந்தைய வீடுகளின் கம்பியை உப்புக்காற்று தின்றது. கூரைக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுந்தது. உயிர்ப்பூச்சு வந்ததும் அந்தக் கவலை ஒழிந்தது. பூச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள், மனிதர் விடும் மூச்சின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் எடுத்துச் சுண்ணாம்பாக்கி விரிசலை அடைத்துவிடும். ஆள் புழங்கினால் வீடு நிற்கும். பூட்டிப்போட்டால் நுண்ணுயிர் உறங்கிவிடும். உப்பு தன் வேலையைக் காட்டும்.

அங்கே வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் குடியிருக்க வாங்கவில்லை. விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டியவர்கள். முதலில் வாயு சிலிண்டரைத் திறந்துவைத்துப் பார்த்தார்கள். சிலிண்டரைவிட ஆள் மலிவு என்று சீக்கிரமே தெரிந்துபோனது. மூச்சுக்குடி என்கிற பிழைப்பு அப்படித்தான் உண்டானது. வாடகை கிடையாது. ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு குடும்பத்தோடு உள்ளே படுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் கேமரா வைக்கச் சட்டம் இடம் தராததால் வாசலில் ஒரு தலையெண்ணி இருக்கும். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று அது முதலாளிக்குச் சொல்லிவிடும்.

மதிப்பாளர் கருவியைப் பையில் வைக்கும்போது மோனிஷா கேட்டாள்.

“சார், இந்த வீட்டை நாங்களே வாங்கிக்கலாமா?”

சந்தானம் சிரிக்கவில்லை. மோசமான மனுஷன் இல்லை. விலையைச் சொன்னார். ஜெகதீசன் தரையைப் பார்த்தான். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவனும் சித்தாள் வேலைக்குப் போகிறவளும் சேர்ந்து எட்டக்கூடிய விலை இல்லை அது. நாங்கள் குடிவந்தபோது இதில் பாதிதானே சொன்னீர்கள் என்று மோனிஷா கேட்டாள்.

“அப்ப சுவர் விரிசல்ம்மா,” என்றார் மதிப்பாளர். “இப்ப ஏறியிருக்கிற விலை பூராவும் நீங்க விட்ட மூச்சு.”

மழைக்காலம் முடிந்து விற்றால் நல்ல விலை கிடைக்கும், அதுவரை இருங்கள் என்று சொல்லிவிட்டு சந்தானம் விமானம் ஏறினார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மோனிஷா சொன்னாள்: “இனிமே மாடியில படுப்போம்.”

“பைத்தியமா உனக்கு? மழை வருதுடி. புள்ளைக்குச் சளி புடிக்கும்.”

“சளி புடிச்சா போயிடும். வீடு போனா வராது.”

மொட்டைமாடி தலையெண்ணியின் கணக்கில் இல்லை. அதைப் பொறுத்தவரை மூன்று பேரும் வீட்டுக்குள்தான். அவர்களோ கீழே ஜன்னல்களை விரியத் திறந்து போட்டுவிட்டு, மாடியில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே சுருண்டு கிடந்தார்கள். மூச்சைக் கடல்காற்று அள்ளிக்கொண்டு போனது. விடிந்தால் பாய் நனைந்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். வேலைக்குப் போகுமுன் கைப்பிடிச் சுவரில் போட்டுக் காயவைத்தார்கள். இலக்கியா இருமினாள். வீட்டைக் கட்டுவதும் நாம், கெடுப்பதும் நாமா என்று ஜெகதீசன் தினம் ஒரு தடவையாவது புலம்பினான். இருந்தும் அவன்தான் முதல் ஆளாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவான்.

இலக்கியா தன் உயரத்தை ஆணியால் சுவரில் கீறி வைப்பது வழக்கம். ஒரு வாரத்துக்குள் சுவர் அதைத் தின்றுவிடும். மார்கழியில் கீறிய கோடு பொங்கலுக்கும் அப்படியே இருந்தது.

“அம்மா, சுவர் செத்துடுச்சு,” என்று ஓடிவந்து சொன்னாள். மோனிஷா அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள்.

தை முடிவில் மதிப்பாளர் வந்தபோது முள் அசையவே இல்லை. விரிசலில் விரல் போனது. சிங்கப்பூரிலிருந்து திரையில் பார்த்த சந்தானம் தலையெண்ணியின் கணக்கைக் கேட்டார். கணக்கு சரியாக இருந்தது. பூச்சுச் சரக்கே மட்டம், இந்த வரிசையில் சில வீடுகள் இப்படித்தான் என்றார் மதிப்பாளர். கையைவிட்டுப் போனால் போதும் என்று சந்தானம் அவர்களுக்கே விற்றார். வங்கி ஒரு நிபந்தனையோடு கடன் கொடுத்தது: ஒரு வருஷத்துக்குள் முள் பச்சைக் கோட்டைத் தொட வேண்டும், தொடாவிட்டால் வீடு ஏலத்துக்கு வரும்.

பத்திரம் கைக்கு வந்த அன்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு மூவரும் ஹாலில் படுத்தார்கள். புழுங்கித் தள்ளியது. ஜெகதீசன் வேண்டுமென்றே பெருமூச்சு பெருமூச்சாக விட்டான். இலக்கியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

தவணை கட்ட வேண்டியிருந்ததால் இருவரும் ராத்திரி கான்கிரீட் வேலைக்கும் போனார்கள். இலக்கியா பக்கத்துத் தெருவில் அத்தை வீட்டில் படுத்தாள். வீடு காலியாகக் கிடந்தது. முள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஜெகதீசன் அந்தத் தெருவில் எல்லாரும் சொல்வதையே சொன்னான்: ஆள் வைப்போம்.

கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து சுகன்யா வந்தாள், புருஷன், இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு. ஹால் அவர்களுக்கு. சுகன்யா அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். ஒருநாள், இந்த வீட்டை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டாள். கஷ்டப்பட்டுத்தான் என்றாள் மோனிஷா.

முள் மூன்று மாதம் ஏறியது. பிறகு நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது.

ஜுரம் என்று மோனிஷா ஒருநாள் பகல் வேலைக்குப் போகாமல் விடிந்ததுமே வீடு திரும்பிவிட்டாள். சுகன்யா பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஹால் மூலையில் பாய்களைச் சுருட்டி நிறுத்தியிருந்தது. மோனிஷா ஒன்றைத் தொட்டாள். நனைந்திருந்தது. தேவையில்லைதான், இருந்தாலும் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

நேராகக் கடைக்குப் போய்ப் பூட்டு கேட்டாள். மாடிக்கதவுக்கா என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். இந்தத் தெருவில் அந்த அளவுதான் ஓடுகிறதாம்.

அவள் பூட்டை மாட்டும்போது சுகன்யா படியேறி வந்து பின்னால் நின்றாள். கையிலிருந்த சாம்பலைக்கூடக் கழுவவில்லை.

“கீழ ரொம்ப புழுக்கமா இருக்குக்கா. புள்ளைங்க தூங்கமாட்டேங்குதுங்க.”

“ரெண்டு நாள் ஆனா பழகிடும்.”

“நீங்களும் இந்த வீட்ல மூச்சாளாத்தான இருந்தீங்க. அப்ப எங்கக்கா படுப்பீங்க?”

மோனிஷா சாவியைத் திருப்பினாள். பூட்டு புதுசு, இறுக்கமாக இருந்தது.

“உள்ளதான்.”

சுகன்யா பூட்டையும் அவள் முகத்தையும் பார்த்தாள்.

“சரிங்க ஓனரம்மா,” என்றாள்.

படிக்கட்டுச் சுவர் அந்த மூச்சையும் எடுத்துக்கொண்டது.