சாட்சி கேட்கக் கூடாது

"தொல்லைன்னு ஒரு குறி. ஒத்தக் குறி, ராத்தா. அத அழுத்திட்டீங்கன்னா..."

"மைனஸ் பதினொண்ணு ஆயிட்டு ரொசாரியோ. நான் சொல்லுதது ஒன் காதுல..."

"...கண்காணிப்புல இருந்து ஒரு பய கேக்க மாட்டான். நீங்க அந்தக் குளிரையே புடிச்சுத் தொங்குதீங்க..."

"...ஏறுதா ஏறலையா? விடியக்காலம் பதினெட்டு. இப்பப் பாரு. மொதல்ல இதப் பாரு."

"நான் எதுக்குப் பாக்கணும்? பாக்குதது உங்க வேலை."

"அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்."

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். கண்ணாடிச் சுவருக்குக் கீழே, தூத்துக்குடித் துறைமுகத்தின் குளிர்க் கிடங்கில் பளுதூக்கி வண்டிகள் பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தன. மணி காலை பத்து. கறிப் பெட்டிகள் வரிசையாக நகர்ந்து, சிவப்பு ஒளியில் தங்கள் பட்டைக் கோடுகளைக் காட்டிவிட்டுக் கொள்கலனுக்குள் போயின.

ஜைனம்புவுக்கு அறுபத்தொரு வயது. காயல்பட்டினத்துக்காரி. கிடங்கில் ஏற்றுக்கூலிக்காரர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் ராத்தா, அதாவது அக்கா. இருபத்தாறு வருடமாகச் சாட்சி. ரொசாரியோ சாட்சிகள் பிரிவின் மேலாளர். அவளைவிட இருபது வயது இளையவன். கத்துவானே தவிர மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான். அவன் கத்துவது அவளுக்குப் பிடிக்கும். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்து பேசுகிறவர்கள் உலகத்தில் இப்போது அவனை விட்டால் அதிகம் பேர் இல்லை.

மற்ற எல்லாரிடத்திலும் பதிலி இருந்தது. மனிதனுடைய குரலை வாங்கி வைத்துக்கொண்டு, அவனுக்குப் பதிலாக அவனைப் போலவே பேசும் மென்பொருள். வங்கிக்குப் பேசினால் பதிலி. மருத்துவமனைக்குப் பேசினால் பதிலி. கனடாவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மகள் பேசுவாள். அதுவும் பதிலிதான் என்று ஜைனம்பு கண்டுபிடித்து மூன்று வருடமாகிறது. அவள் பெற்ற மகள் ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்லை. "சரி உம்மா, தெரியும் உம்மா" என்று பாதியிலேயே வெட்டுவாள். இப்போது பேசுவதோ கடைசி எழுத்து வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து, "அப்புறம் என்ன ஆச்சு உம்மா?" என்று கேட்கிறது. ஜைனம்பு அதனிடம் சொல்லிக் காட்டவில்லை. சொன்னால் அதற்கும் பொறுமையாக ஏதாவது பதில் சொல்லும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பதிலிக்கு அனுமதி கிடையாது. கறிப் பெட்டி.

முப்பது வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் அப்படி முடிவானது. அந்தக் காலத்தில் பெட்டிகளுக்கு இயந்திரங்களே சான்று கொடுத்தன. வாங்குகிறவன் கேட்டால் இயந்திரமே "நல்ல கறி" என்று பதில் அனுப்பியது. மூன்று துறைமுகங்களில் ஆட்கள் செத்து விழுந்துகொண்டிருந்தபோதும் "நல்ல கறி, நல்ல கறி" என்று அது அனுப்பிக்கொண்டேயிருந்தது. அதற்குப் பிறகுதான் உயிர்ச்சாட்சிச் சட்டம். கடல் தாண்டும் ஒவ்வொரு பெட்டிக்கும் உயிருள்ள ஒரு சாட்சி வேண்டும். அவர் அந்த ஆட்டை உயிரோடு ஒருமுறை, கறியாக ஒருமுறை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பெட்டியின் கோட்டைக் கருவியில் காட்டி உண்பவர் எப்போது குரல்மடல் அனுப்பினாலும், அந்தச் சாட்சியே தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். பெட்டி திறக்கப்பட்டால் கோடு கிழியும், தொடர்பு முடியும். திறக்காவிட்டால் ஒரு வருடம் உயிரோடிருக்கும்.

சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. சாட்சி பதில் மட்டுமே சொல்லலாம், தானாக எதையும் கேட்கக் கூடாது. ஆரம்ப காலத்தில் சில சாட்சிகள் உண்பவர்களைக் கூப்பிட்டு "அடுத்த பெட்டி எப்போது?" என்று வியாபாரம் பேசினார்களாம். அதனால் வந்த விதி. கேள்வி வந்தால் ஒரு பதிலுக்கு வழி திறக்கும். பதில் போனதும் மூடிக்கொள்ளும்.

"இருநூத்திப் பன்னெண்டு கேள்வி, ராத்தா" என்றான் ரொசாரியோ, இப்போது தணிந்து. "ஒத்தப் பெட்டிக்கு. அந்தச் சரக்குல மத்த முப்பத்தொம்பது பெட்டியும் தின்னு முடிச்சாச்சு. நானூத்திப் பதினேழு மட்டும் நிக்கி. கறியில கோளாறான்னு கண்காணிப்புல கேக்கான். கோளாறு இல்லன்னா ஆளுதான் கோளாறு. தொல்லைன்னு குறி போடுங்க, விஷயம் முடிஞ்சிரும்."

"அந்தக் குறி போட்டா அவர் கை எந்தப் பெட்டியில பட்டாலும் கோடு பேசாது. ஆயுசுக்கும்."

"கறி திங்கத்தான கோடு? பேசுததுக்கா?"

எதற்கு என்று ஜைனம்புவுக்குத் தெரியும்.

பெட்டி எண் 417 ஓமான் பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு தொழிலாளர் முகாமில் இருந்தது. வெயில் காலம் அங்கே இப்போது எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் முகாமில் யாரும் இருக்கக் கூடாது என்று சட்டம். ஒரு காவலாளியை மட்டும் விட்டுவிட்டு லாரிகள் போய்விடும். இந்த வருடம் விடப்பட்டவர் சோலைமலை, உசிலம்பட்டிப் பக்கம். சமையல்கூடத்தில் மிஞ்சிய ஒரு பெட்டியை அவருக்கென்று குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் மடலில் அவர் ஒழுங்காகவே கேட்டார். "சாட்சியம்மா, கறி நல்ல கறிதானே?"

"நல்ல கறிதான். என் கண்ணால பாத்தேன். இடது காது கிழிஞ்ச கிடா. என் பைக்குள்ள மூஞ்சிய விட்டு, வச்சிருந்த வாழைப்பழத்தத் தோலோட தின்னுட்டு" என்று அவள் பதில் அனுப்பினாள். காதைச் சொன்னால் போதும், பழத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஏனோ சொன்னாள்.

மறுநாளும் மடல் வந்தது. "கறி நல்ல கறிதானே? அந்தக் கிடா வாழைப்பழம் தின்னுச்சே, நாட்டுப்பழமா, பச்சப்பழமா?" அன்று யாரோ அறைக்குள் வந்து ராத்தா என்று கூப்பிட்டது பதிலோடு சேர்ந்து போய்விட்டது. மூன்றாம் நாளிலிருந்து அவரும் ராத்தா என்றே அழைத்தார்.

பிறகு அது வழக்கமாயிற்று. கறியைப் பற்றி ஒரு கேள்வியாவது இல்லாவிட்டால் கோடு மடலை எடுத்துக்கொள்ளாது. ஆகவே அதை முதலில் போட்டுவிட்டு அவர் தன் போக்கில் பேசுவார். "இங்கன அம்பத்திரண்டு டிகிரி ராத்தா. பூனை ஒண்ணு துணைக்கு இருந்துச்சு. போன லாரியில அதுவும் ஏறிப் போயிருச்சு. வெவரமான பூனை." "சூரியத் தகட்டுல மணல் ஏறிக்கிட்டே கெடக்கு. காலையில துடைச்சாத்தான் குளிர்ப்பெட்டி ஓடும். ரெண்டு நாள் துடைக்கலேன்னா படுத்துரும்." "அங்கிட்டு மழை பேஞ்சா கொஞ்சம் சத்தம் அனுப்புங்க." ஒருநாள் அனுப்பினாள். கிடங்கின் தகரக் கூரையில் விழுந்த ஐப்பசி மழை, நாற்பது விநாடி.

நூறு மடல் தாண்டிய பிறகு அவரே சொன்னார். "பருப்பும் டப்பா மீனுந்தான் ஓடுது ராத்தா. பெட்டியத் திறக்கலாம்னு கத்தியெடுத்துட்டுப் போவேன். தெறந்தா நீங்க போயிருவீகளே. வீட்டுக்குப் பேசுனா மகன் குரல்ல ஒண்ணு பேசுது. அது அவன் இல்ல. அவனுக்கு இம்புட்டுப் பணிவு கெடையாது."

அன்றைக்கு அவர் கேட்டிருந்தது கறியைப் பற்றிய அந்த ஒரு கேள்விதான். நல்ல கறிதான் என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பதில் பொத்தானை விட்டுவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு நாளில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. வயது என்ன என்று கூட. சட்டத்தில் இடமில்லை.

தினமும் காலை ஒன்பதரைக்கு, தகட்டைத் துடைத்த கையோடு அவர் பேசுவார். முந்தாநாள் பேசவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. இன்று விடியும்போது, அவள் திரையில் தெரியும் பெட்டியின் குளிர்மானி மைனஸ் பதினெட்டிலிருந்து நகரத் தொடங்கியது.

"எடுத்து வெளிய வச்சிருப்பான், ராத்தா" என்றான் ரொசாரியோ. "கரையட்டும்னு வச்சிருப்பான். இன்னைக்கு ஆக்கித் திங்கப்போறான். நல்லதுதான?"

"அம்பது டிகிரி வெயில்ல எடுத்து வச்சா ஒரு மணி நேரத்துல ஐஸு தண்ணியாயிரும். இது மணிக்கு ரெண்டு ரெண்டாக் கூடுது. மூடுன குளிர்ப்பெட்டிக்குள்ள இருக்கு. கரண்டு போயிட்டு. தகட்ட ரெண்டு நாளா யாரும் துடைக்கல."

ரொசாரியோ திரையைப் பார்த்தான். இந்தத் தொழிலில் அவனுக்கும் பதினைந்து வருடம். குளிர்மானி எப்படி ஏறினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"முகாம் கம்பெனிக்குப் பேசுனீங்களா?"

"எட்டு மணியில இருந்து பேசுதேன். பதிலிதான் எடுக்குது. 'முகாமில் அனைவரும் நலம்'னு பதினேழு தடவ சொல்லிட்டு. பதினெட்டாவது தடவ சோலைமலை குரல்லயே சொல்லிட்டு. நான் நலம், தங்கள் அக்கறைக்கு நன்றின்னு." அவள் கையை மேசை மேல் வைத்தாள். "அவர் வாயில நன்றின்னு ஒரு சொல் வந்து நான் கேட்டதில்ல."

"போலீசுக்கு?"

"அங்கயும் பதிலி. புகார் பதிவாயிட்டாம். மூணு வேலை நாள்."

குளிர்மானி மைனஸ் பத்துக்கு வந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றாள் ஜைனம்பு.

"இல்ல" என்றான் ரொசாரியோ உடனே. அவனுக்கும் அது தோன்றியிருந்தது. "அத நெனைக்காதீங்க."

"சாட்சி தன் சாட்சிய வாபஸ் வாங்கினா..."

"வேண்டாம் ராத்தா."

"...ஆறு மணி நேரத்துக்குள்ள உயிருள்ள பரிசோதகர் ஒருத்தர் பெட்டி இருக்கிற எடத்துக்கு நேர்ல போயாகணும். பதிலி போக முடியாது. சட்டம். இருபத்தாறு வருசமா நான் பாடம் எடுக்கிற சட்டம்."

"வாபஸ் வாங்கினா ஒங்க முத்திரை போயிரும். அன்னைக்கே, ஆயுசுக்கும். கையில இருக்கிற முந்நூறு பெட்டியும் வேற ஆளுக்குப் போயிரும். நாளைக்கு இந்த அறைக்குள்ள உங்கள விட மாட்டான். எங்க போவீங்க? வீட்டுல போயி அந்த வெள்ளிக்கிழமப் பதிலிகிட்டப் பேசிக்கிட்டு..." சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவன் நிறுத்தினான். பிறகு குரலை இறக்கி, "பொய் சொல்லணும், ராத்தா. காரணம் கேக்கும். நீங்க இந்த நாக்கால ஒரு பொய் சொன்னதில்ல. கறி நல்ல கறி."

"நல்ல கறிதான்."

அவள் திரையின் மூலையில் இருந்த சிவப்புக் கட்டத்தைத் தொட்டாள். பணியில் சேர்ந்த நாளில் காட்டிக்கொடுத்த கட்டம். அதற்குப் பிறகு யாரும் தொட்டு அவள் பார்த்ததில்லை. பெட்டி எண் கேட்டது. சொன்னாள். காரணத்தைச் சொந்தக் குரலில் சொல்லச் சொன்னது.

அந்தக் கிடாவின் கிழிந்த காது கண்ணுக்குள் வந்தது. பழத்தோலை மென்றுகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்த மஞ்சள் கண்.

"அந்த ஆட்ட நான் பாக்கவே இல்ல" என்றாள் ஜைனம்பு. "பாத்ததா எழுதினது பொய். கறியும் பாக்கல."

திரை சற்றுத் தயங்கி, அவளுடைய முத்திரை ரத்தானதைக் காட்டியது. இருபத்தாறு வருடம் ஒரு வரியில் அடங்கிவிட்டது. அதன் கீழே இன்னொரு வரி எழுந்தது. பரிசோதகர் சாலிம் ஏற்றுக்கொண்டார். தொலைவு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். புறப்பட்டுவிட்டார்.

"ஆளு கெளம்பிட்டு" என்றான் ரொசாரியோ. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்காணிப்புக்கு நாளை அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

திரையில் பச்சையாக ஒரு வட்டம் மின்னியது. சாட்சி வாபஸ் ஆனால், உண்பவரை எச்சரிக்க ஒரே ஒருமுறை சாட்சி தானாகப் பேசலாம். அறுபது விநாடி, இருபக்கமும் கேட்கும் நேரடி இணைப்பு. கோடு இருக்கும் இடத்தில், பெட்டியின் சிறு ஒலிபெருக்கியிலும் அவர் கருவியிலும் அது கேட்கும். சொல்ல வேண்டிய வாசகம் கீழே எழுதியிருந்தது. இந்தப் பெட்டியில் உள்ளதை உண்ணாதீர்கள்.

ரொசாரியோ எழுந்து கதவைச் சாத்தப் போனான். கீழே வண்டிகளின் இரைச்சல் அதிகமாக இருந்தது.

"சாத்தாத. தெறந்தே கெடக்கட்டும்."

"சத்தம் போகுமே."

"போகட்டும். அப்பதான் பதிலி இல்லன்னு தெரியும்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜைனம்பு எழுதியிருந்த வாசகத்தைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்காமல் வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"சோலைமலை. நாந்தான், ராத்தா." வண்டி ஒன்று பீப் பீப் என்று பின்வாங்கியது. அது முடியும்வரை பொறுத்தாள். "ஒரு ஆளு வருது. சாலிம்னு பேரு. நெசமான ஆளு. கதவு தாப்பாப் போட்டிருந்தா எடுத்து விடுங்க. முடியலேன்னா சும்மா இருங்க, அவரு ஒடச்சிக்கிட்டு வருவாரு."

குளிர்மானி இன்னும் மைனஸ் பத்தையே காட்டியது. மறுமுனையில் மூடிய குளிர்ப்பெட்டியின் சின்ன அமைதி கேட்டது, அதற்கு அப்பால் காற்று. முப்பது விநாடி மிச்சம் இருந்தது. அவள் அதில் பத்தைச் சும்மா விட்டாள். அவர் குறுக்கே விழுந்து பேசட்டும் என்று.

காற்று மட்டும் வீசியது.

"கறியப் பத்தி இல்ல" என்றாள் அவள். "இத்தன நாளும் நீங்கதான கேட்டீங்க. இப்ப நான் கேக்கேன். நீங்க நல்லாயிருக்கீங்களா?"