ஒரு விரலுக்குத் திரும்பும் ஸ்டீயரிங்

லாரியின் ஸ்டீயரிங் டேங்கில் ஆயில் அளவுக்கோட்டைத் தொட்டு நின்றது. இருந்தும் ஸ்டீயரிங் முனகியது. பம்பு புதுசு, பெல்ட் புதுசு, குழாய்கள்கூடப் புதுசு. ஆயுத பூஜை மதியத்தில், சாமந்தியும் டீசலும் ஈரச் சந்தனமும் கலந்து மணத்த பட்டறையில், தொண்டை அடைத்த மனிதன் பேச முயல்வதைப் போல அந்தச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

எண்பத்தெட்டில் முதலாளியின் லாரிகளில் பவர் ஸ்டீயரிங்கோடு வந்தது அது ஒன்றுதான். பதினெட்டு வருஷம் முரட்டு ஸ்டீயரிங்கை இழுத்துத் தோள் தேய்ந்த கண்ணுசாமியை விட்டுவிட்டு, நேற்று சேர்ந்த தங்கசாமிக்கு அதைக் கொடுத்தார் முதலாளி. சங்ககிரி டீக்கடை முன்னால் எல்லோரும் பார்க்க, ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வண்டியை வளைத்துக் காட்டுவான் தங்கசாமி.

"ஒரு வெரலு போதுமுங்கண்ணா," என்று சிரிப்பான்.

கண்ணுசாமிக்கு வயிறு எரியும். சோறு இறங்காது. ஆடியில் ஒருநாள் யாரும் இல்லாதபோது அந்த டேங்கில் பிரேக் ஆயிலை ஊற்றினான். சீல்கள் ஊறிக் கெடும், ஸ்டீயரிங் இறுகும், அவனுக்கும் தோள் வலிக்கட்டும் என்றுதான் நினைத்தான். மலையடி வளைவில் இறுகியது. வண்டி புளியமரத்தில் மோதித் தங்கசாமி செத்தான். பழுது பார்த்த வண்டி கண்ணுசாமி கைக்கு வந்தது. ஊற்றியது யாருக்கும் தெரியாது. நாளை முதல் லோடு.

முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணுசாமி சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தான். பூசியிருந்த சந்தனம் இரண்டு பக்கமும் அவன் கை பட்டு அழிந்தது. மேலே நடுவில் மட்டும் கலையாமல் இருந்தது. கீழே டேங்கைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் சின்னண்ணன் நிமிர்ந்தார்.

"குழாய்ல காத்து நிக்குதுங்க. நொரை அடங்கவே மாட்டேங்குது. நீங்க வந்து இதப் பாருங்க, நான் ஏறி ஒடிக்கறேன்."

கண்ணுசாமி இறங்கிவந்து டேங்கின் மேல் குனிந்தான். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. சக்கரங்கள் மெல்ல இடது பக்கம் திரும்பின. பிறகு வலது பக்கம். நுரை ஒவ்வொன்றாக உடைந்து அடங்கியது. முனகலும் நின்றுபோனது.

தன் கைக்கு அடங்காதது இவர் கைக்கு மட்டும் அடங்குகிறதே என்று மனசு கசந்தது.

"போதும் சின்னண்ணா. நிறுத்து."

சக்கரங்கள் நிற்கவில்லை. இடது. வலது.

"ஏனுங்க, யாரு ஒடிக்கறது?" முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார் சின்னண்ணன். "நான் இன்னும் ஏறவே இல்லீங்களே, கை தொடைக்கத் துணி எடுக்கப் போனேன்."

டேங்கிலிருந்து பிரேக் ஆயில் வாடை எழுந்தது. கண்ணுசாமி தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியே பார்த்தான்.

சீட்டில் யாரும் இல்லை.

ஸ்டீயரிங் சுற்றியது. சத்தமே இல்லை. இப்போதும் தங்கசாமிக்குத்தான் இது வளைகிறது. பயத்துக்கு முன்னால் அந்தப் பொறாமைதான் வந்தது.

கலையாத சந்தனத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு குழி. ஒன்றே ஒன்று. அவன் பார்க்கப் பார்க்க அது ஆழமாகப் பதிந்துகொண்டிருந்தது.