கணவாயில் எடுத்த படம்

முந்நூறு ஆடுகளும் ஒரே நொடியில் தலையைத் திருப்பின. யாரோ கூப்பிட்டது போல.

படத்தில் ஒலி கிடையாது. கோடை மேய்ச்சலுக்கு மலையேறும் நாடோடி மேய்ப்பர்களோடு இரண்டு மாதம் நடந்து அவள் கணவன் எடுத்து வந்த படம். ஒலிப்பதிவுக்கென்று கூடப் போனவன் அவளுடைய தம்பி. கணவாயில், பனிப்புயலில், கருவியோடு தொலைந்தவன் திரும்பவேயில்லை. "மூணு நாள் தேடினோம்" என்று கணவன் அவள் மடியில் தலைவைத்து விம்மினான். "ஊமைப்படமாவே விட்டுடலாம். மச்சானுக்கு நாம செய்யற மரியாதை." அவளும் நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எடிட்டிங்கில் உட்கார்ந்தாள்.

இன்று அவள் போட்டது அவன் கொடுக்காத மெமரி கார்டு. துவைக்க எடுத்த குளிர்ச்சட்டையின் உள்பையில் கிடைத்தது.

வெளியே பட்டப்பகல். கறுப்புத் திரை போட்ட அந்த அறையில், ஏசியின் ஈர வாடைக்கு நடுவே, கணினியின் இரைச்சலும் தெருவின் சத்தமும் மெல்லமெல்லத் தேய்ந்துகொண்டே போனதை அவள் கவனிக்கவில்லை. ஆடுகள் பார்த்த திசையையே பார்த்தாள். வெள்ளைச் சரிவில் ஏதோ அசைந்தது. கேமரா அதை நெருக்கிக் காட்டியது. தம்பி. காலை இழுத்து இழுத்து வந்தான். கையை நீட்டினான். உதடுகள் இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தன.

மாமா.

கேமரா பதறவில்லை. நாற்பது விநாடி அவனையே பார்த்தது. பிறகு நிதானமாக மந்தைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கதவு திறந்தது. கணவன்.

"அவன் உங்களைக் கூப்பிட்டிருக்கான்" என்றாள். "நீங்க பாத்துக்கிட்டே நின்னிருக்கீங்க."

அவன் முகம் வெளிறியது. "மந்தை நமக்காக நிக்காதும்மா. திரும்பிப் போயிருந்தா நானும் செத்திருப்பேன்."

"என் மடியில படுத்து அழுதீங்களே!"

அவன் ஏதோ சொன்னான். கேட்கவில்லை. வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறான். சத்தமில்லை. மீசையில் பனி பூத்தது.

கையை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தான்.

கதவுக்கும் நாற்காலிக்கும் ஆறடிதான். நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். ஒவ்வோர் எட்டுக்கும் சிறுத்துப் போனான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

உள்ளங்கை அளவு. விரல் அளவு. நக அளவு.

அப்போதும் அந்தக் கை நீண்டே இருந்தது.