ஒரே கோடு தொடும் புள்ளி

நேற்றுவரை வாய்க்காலின் அக்கரையில் நின்றிருந்த முட்டுச்சந்து, இன்று இக்கரைக்கு வந்திருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். வரைபடத்தில் சாலை என்பது ஒரு கோடு. கோடு முடிகிற இடம் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் எத்தனை கோடுகள் தொடுகின்றன என்று கணினி எண்ணும். நான்கு என்றால் நாற்சந்தி. இரண்டு என்றால் வழி தொடர்கிறது. ஒன்றே ஒன்று என்றால் முட்டுச்சந்து. அவற்றில் எது நிஜமாகவே முடிகிற தெரு, எது வரைந்தவர் கைதவறி ஒட்டாமல் விட்டது என்று பிரிப்பது அவர் வேலை. இடைவெளி ஐந்து மீட்டருக்குள் இருந்தால் ஒட்டிவிடலாம். ஆனால் முதலில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துவிட வேண்டும்.

போன வருடம் ஒருநாள், சாப்பாட்டுக்கு எழும் அவசரத்தில், பார்க்காமல் ஒட்டினார். இடைவெளி நான்கு மீட்டர். அந்த நான்கு மீட்டரில் வாய்க்கால் ஓடியது.

மூன்று வாரம் கழித்து, கொட்டும் மழையில், காரிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வழி இருக்கா? மேப்பு நேரா போகச் சொல்லுது. கண்ணாடியை எங்க வெச்சோம்னே தெரியாத ஆளு போட்ட ரோடு, நம்பிப் போகலாமா?"

"நான் ஒட்டினதுதான். தைரியமா வா."

வாய்க்காலிலிருந்து காரை மூன்றாம் நாள்தான் தூக்கினார்கள். அன்றே அவர் அந்த ஒட்டை வெட்டினார். புள்ளியின் எண் மறுபடி ஒன்றானது.

இப்போது அந்தக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. மேற்பார்வை பார்க்கும் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அந்தப் பகுதியை வேறு யாருமே திறக்கவில்லை என்றாள் அவள்.

"தப்பா தெரிஞ்சா அழிச்சிடுங்கண்ணே. ஒரு கீ தானே."

ஒரு கீதான். அவர் விரல் அதன் மேலேயே இருந்தது. வெளியே மழை வலுத்து, பட்டப்பகலிலேயே அறை இருட்டி, ஜன்னல் இடுக்கு வழியாகப் பாசியும் சேறும் கலந்த வாடை மெல்ல உள்ளே வந்து, அவள் புடவைகள் இன்னும் மடித்தபடியே இருக்கிற அலமாரி வரை பரவியது. கோடு பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டியது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியது. பிறகு அவர் தெரு.

வாசலில் வைப்பர் அசையும் சத்தம். நின்றது.

கார்க் கதவு.

அழித்துவிடலாம். இப்போதுகூட.

அழித்தால் அவள் மறுபடி அங்கேயே, தண்ணீருக்குள்.

புள்ளி வாசல்படி ஏறியது. கூடம். அவர் நாற்காலி. எண் ஒன்று.

முதுகுக்குப் பின்னால் தரையில் நீர் சொட்டியது.

"என்னங்க. வழி இருக்கா?"

அவர் திரும்பவில்லை. கண்ணாடி நனைந்து திரை கலங்கியிருந்தது.

"இருக்கும்மா. வா."

ஊறி வெளுத்த கை ஒன்று அவர் தோளுக்கு மேலாக மெல்ல நீண்டு, கீயின் மேலிருந்த அவர் விரலைப் பற்றிக்கொண்டது. திரையில் ஒன்று, இரண்டானது.