கேட்டால் மூன்று தட்டு

அம்மாவின் தெருவுக்குள் வண்டி போகவில்லை. தெரு என்று ஒன்று இருந்தால்தானே போகும்! முனையில் நிறுத்திவிட்டு, நில அதிர்வுக் கருவியைத் தோளில் சுமந்தபடி இடிபாடுகளின் மேல் ஏறி நடந்தேன். பனியும் சிமெண்டுத் தூசியும் எரிந்த பிளாஸ்டிக் நாற்றமும் தொண்டையை அடைத்தன.

அங்காராவிலிருந்து என்னை அனுப்பியது வேலைக்காக. பெரிய நிலநடுக்கம் ஓய்ந்த பிறகும் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் பிளவு சும்மா இருக்காது. அதை ஒட்டியே பின்னதிர்வுகள் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் எங்கே, எத்தனை ஆழத்தில் பிறந்தது என்று கணினித் திரையில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் சேரச் சேர, யாரும் பார்த்திராத பிளவு தன் வடிவத்தைக் காட்டிவிடும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் தம்பி துஞ்சாய் நான்கு மாடிக்கு அடியில் கிடக்கிறான், எனக்கு வேலையாம் வேலை!

வரும் வழியில் ஆலிவ் தோப்பில் ஒரு கருவியும், குன்றின் மேல் ஒன்றும் புதைத்திருந்தேன். மூன்றாவதை அம்மாவின் வாசல் இருந்த இடத்தில் புதைத்தேன். குளிருக்குத் தீமூட்டியிருந்த பீப்பாய் அருகே அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தங்கச்சி, அந்தப் பெட்டி தோண்டுமா?" என்றார் ரிஸா. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ஆட்களோடு மீட்புக்கு வந்தவர்.

"தோண்டாது அண்ணே."

"அப்போ ஓரமா வை. கால இடிச்சுக்கப் போறேன்."

விசில் ஊதினார். தோண்டும் இயந்திரங்கள் நின்றன, ஜெனரேட்டர் நின்றது. அழுத குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். ரிஸா குப்புறப் படுத்து, ஒரு விரிசலில் வாயை வைத்துக் கத்தினார்.

"என் சத்தம் கேக்குதா? கேட்டா மூணு தட்டு தட்டு!"

டொக். டொக். டொக்.

"எம்புள்ள! எம்புள்ள உசிரோட இருக்கான்!" அம்மா ஓடிவந்து ரிஸாவின் தூசி படிந்த கைகளை முத்தமிட்டாள். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில், மூன்று கருவிகளின் பதிவும் வந்து விழும் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன்.

அந்த மூன்று தட்டும் ஆலிவ் தோப்பிலும் பதிவாகியிருந்தது. குன்றின் மேலும் பதிவாகியிருந்தது.

மனிதன் கையால் தட்டினால் அடுத்த தெருவுக்கே எட்டாது. புள்ளி விழுந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, பதினோரு கிலோமீட்டர் ஆழத்தில்.

உடனே தரை உதறியது. எதிரே பாதி இடிந்து நின்ற வீட்டின் பால்கனி அப்படியே கழன்று ஒரு சுரங்கத் தொழிலாளியின் மேல் விழுந்தது. ஆளை இழுத்தார்கள். ஒரு கால் அங்கேயே தங்கிவிட்டது.

ரிஸா மறுபடி கூப்பிட்டார். மூன்று தட்டு. ஆழம் ஏழு.

மறுபடி கூப்பிட்டார். ஆழம் மூன்று.

"அண்ணே, கூப்பிடாதீங்க! பதில் சொல்றது துஞ்சாய் இல்ல. நீங்க கூப்பிடக் கூப்பிட அது மேல ஏறி வருது!"

பளாரென்று கன்னத்தில் விழுந்தது. அம்மாதான். "உன் தம்பி தட்டுறான், நீ பெட்டியப் பாத்துக்கிட்டு நிக்கிற! நீயெல்லாம் ஒரு அக்காவாடி?"

பெட்டியை விட்டுவிட்டு, ஆட்களோடு சேர்ந்து கல்லை அகற்றப் போனேன். தட்டுவது அவனாகவே இருக்கட்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது.

பிற்பகலில் ரிஸா இடிபாட்டில் குடைந்த துளைக்குள் தவழ்ந்தார். பின்னாலேயே நானும் போனேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு கை தெரிந்தது. பாய்ந்து பிடித்தேன்.

விறைத்திருந்தது.

உத்தரம் துஞ்சாயின் நெஞ்சைக் கட்டிலோடு நசுக்கியிருந்தது. போர்வையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

"மொத ஆட்டத்துலயே போயிட்டான், தங்கச்சி," என்று ரிஸா கிசுகிசுத்தார்.

டொக். டொக். டொக்.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

ரிஸாவுக்கு வெறி ஏறிவிட்டது. "எந்த நாயிடா அது? வாடா வெளிய!" என்று சுத்தியலால் தரையில் ஓங்கி அடித்தார்.

தரை திறந்தது. அவரை இடுப்புவரை வாங்கிக்கொண்டு, மூடிக்கொண்டது.

எலும்புகள் நொறுங்குவது கேட்டது. அவர் என் கையைப் பற்றினார். வாயைத் திறந்தார், ரத்தம்தான் வந்தது. தரை இன்னொரு முறை அசைந்து மிச்சத்தையும் மென்றது. யாரோ என் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். என் கையில் அவருடைய கையுறை இருந்தது. அது காலியாக இல்லை.

திரையில் கடைசிப் புள்ளி விழுந்திருந்தது. ஆழம் பூஜ்யம்.

இப்போது அம்மா அங்காராவில் என்னோடு, தரைத்தளத்து வீட்டில் இருக்கிறாள். கூப்பிடுவதை நான் தடுத்ததால்தான் தம்பி செத்தான் என்று இன்னும் சொல்கிறாள். உள்ளே பார்த்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. எந்தத் தாயிடம் அதைச் சொல்வது?

நேற்று நண்பகல் நான் கூடத்தில் இருந்தேன். சமையலறையில் தேநீர்க் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. தரை ஓடுகளுக்கு அடியிலிருந்து, தூசி அடைத்த தொண்டையில் துஞ்சாயின் குரல் வந்தது.

"அம்மா... என் சத்தம் கேக்குதா? கேட்டா மூணு தட்டு தட்டு."

"எம்புள்ள..." என்றாள் அம்மா.

சமையலறைக்கு ஓடினேன். அவள் மண்டியிட்டு, கரண்டியால் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டிலேயே அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

மூன்றாவது தட்டு கீழிருந்து வந்தது.