ஈயச் சட்டை

"கீ... கீ... கீ..."

வரிமானி அலறியதும் அருளப்பன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் தன் பக்கம்தான் திரும்புவார்கள் என்று நினைத்தார். திரும்பவில்லை. கருவியைப் பிடித்திருந்த கல்யாணத் தரகர் கனகசபை சிரித்தபடி வாழைப்பழத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பொட்டாசியம்! எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல மாட்டிக்கறது பழந்தான்."

நிலவின் வடக்குக் குடியிருப்பில் வரிமானி இல்லாமல் பெண் பார்ப்பதில்லை. அணுப்பொருளை யாரும் பெட்டியில் ஒளித்துக் கடத்தாமலிருக்க ஒரு காலத்தில் விண்துறைமுகத்தில் வைத்திருந்த கருவி அது. உள்ளே ஒரு படிகம். காமாக் கதிர் பட்டால் மினுங்கும். ஒவ்வொரு அணுப்பொருளுக்கும் அதற்கே உரிய கோடு, அதாவது வரி, திரையில் விழும். யுரேனியத்துக்கு ஒன்று, சீசியத்துக்கு வேறொன்று, வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியத்துக்குக்கூட ஒன்று.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் எரிபொருள் பட்டறை தீப்பிடித்தது. தூசியைச் சுவாசித்தவர்களின் எலும்பில் அமெரிசியம் என்ற அணுப்பொருள் தங்கிவிட்டது. அருகில் இருப்பவருக்குத் தீங்கில்லை, பிள்ளைகளுக்கு வராது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். 'வரிக்காரக் குடும்பம்' என்றால் யாரும் சம்பந்தம் செய்வதில்லை.

அன்று அருளப்பன் தீயணைப்புப் படையில் இருந்தார்; அந்தத் தூசி அவர் எலும்பிலும் உண்டு. அமெரிசியத்தின் காமா பலவீனமானது; மெல்லிய ஈயத் தகட்டுக்கே அடங்கிவிடும். இன்று காலையில் மகள் பூங்கோதைதான் ஈயம் தைத்த நீள உள்சட்டையை மாட்டி நாடாவை இறுக்கினாள். தலைப்பாகைக்குள்ளும் ஒரு தகடு.

"மூச்சு முட்டுதாப்பா?"

"உன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் விட்டுக்கறேன்."

வாழை வளர்க்கும் கூடத்தில் கூடவே வேலை பார்த்த இளம்பரிதிதான் மாப்பிள்ளை; அவன் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டவள் அவள்.

கனகசபை பூங்கோதையை அளந்தார். சுத்தம். அருளப்பனை அளந்தார். கருவி வாய் திறக்கவில்லை.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க," என்றாள் மாப்பிள்ளையின் தாய் சௌந்தரவல்லி. "கொண்டு வராட்டி ஊர் பேசும். அதான்."

பெண் பார்க்கும் வீடுகளில் மாப்பிள்ளை எப்போதும் கருவிக்குப் பின்னால்தான் உட்காருவார். அந்தப் பக்கம் படிகத்துக்குக் கண் கிடையாது. கல்யாணம் கூடிவந்த சந்தோஷத்தில் இளம்பரிதிக்கு அது மறந்துவிட்டது. பூங்கோதை நீட்டிய காபியை வாங்க எழுந்து முன்னால் வந்தான்.

"கீ... கீ... கீ..."

கனகசபை இப்போது சிரிக்கவில்லை. "அமெரிசியம்," என்றார் தரையைப் பார்த்து.

சௌந்தரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அருளப்பன் பக்கம் திரும்பினாள்.

"பட்டறை எரிஞ்சப்ப இவன் கைக்குழந்தைங்க. பட்டறைக் காப்பகத்துல விட்டிருந்தேன். யாரோ ஒரு தீயணைப்புக்காரர், தன் முகமூடியைக் கழட்டி இவனுக்கு வச்சுத் தூக்கிட்டு வந்தார். அந்த மகராசன் பேர்கூடத் தெரியாது. அதுக்குள்ள கொஞ்சம் தூசி உள்ளே போயிடுச்சு. நல்ல பையனுங்க. நீங்க பெரிய மனசு பண்ணி..."

அருளப்பனுக்கு அந்தப் புகை மறுபடி தொண்டையில் கரித்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பணியில் அவர் முகமூடியைக் கழற்றியிருக்கிறார். அன்று அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்த குழந்தை, கையில் காபியோடு தலைகுனிந்து நின்றான்.

அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் பூங்கோதை. கண்ணில் நீர் தளும்பச் சிரித்துக்கொண்டு, அப்பா வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். ஆனால் கனகசபை ஊரெல்லாம் போகிறவர். வரிக்கார மாப்பிள்ளை எடுத்த வீடு என்றால், காரணம் தேடி நாளை இன்னொரு வரிமானி வரும். சட்டைக்குள் வியர்வை வழிந்தது. அருளப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுந்து கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கணும்மா. எங்க பரம்பரையிலேயே வரி விழுந்தவங்க யாரும் கிடையாது."