கண்ணாடிக்குள் ஒரு வலது கை

டெலிபோன் அலறியது.

கிருஷ்ணஸ்வாமி இடது கையால் ரிசீவரை எடுத்தார். "ஆ... ஆ..." என்றார். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

"இன்னாபா இது... ராங் நம்பரு."

எதிர்முனை வைத்துவிட்டது. அவர் வைக்கவில்லை. வெறும் ரீங்காரத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவரிடம் பேசிய ஒரே குரல் அதுதான்.

சின்ன காஞ்சிபுரம். 2003. ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர். மனைவி அம்ருதவல்லி போய் ஆறு வருடம். குழந்தை கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் பேச்சையும் வலது கையையும் கொண்டுபோனது. ஊருக்கெல்லாம் கடிதம் சேர்த்தவரை எட்டிப் பார்க்க ஆளில்லை.

ஒருவன் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டான். அக்கா பிள்ளை ஸுதர்சன். சன்னதித் தெருவில் சொந்த வீடு... வராமல் இருப்பானா?

செவ்வாய், வெள்ளி பிசியோதெரபிஸ்ட் அந்தோணி வருவார். மேஜை மேல் கண்ணாடியை நிறுத்தி, விழுந்துபோன வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைக்கச் சொல்வார்.

"இடது கைய அசைங்க சார். கண்ணாடியில வலது கை அசையுற மாதிரியே தெரியும். மூளை அதை நம்பிடும்... நெஜமாவே அசைக்கப் பாக்கும்."

ஆறாவது வாரம், கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் சமையலறை. ஸுதர்சன், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை டப்பாவிலிருந்து கொட்டிவிட்டு, அதே அளவு கால்சியம் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருந்தான்.

கிருஷ்ணஸ்வாமிக்குப் புரிந்தது. அடுத்த அட்டாக்குக்கு நாள் குறிக்கிறான்!

இடது கையில் பென்சில் பிடித்து அந்தோணிக்கு எழுதிக்காட்டப் பார்த்தார். வெறும் கிறுக்கல். ஸுதர்சன் எட்டிப் பார்த்தான்.

"பாத்தேளா... மாமாவுக்குப் புத்தியும் கலங்கிடுத்து. இனிமே நீங்க வர வேண்டாம்."

அந்தோணி பெரியவரின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணாடியை விட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் பகலெல்லாம் வெளியே பூட்டு. உள்ளே அவரும் கண்ணாடியும். தினமும் விழித்ததும், இன்னும் உயிரோடிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வார். பிறகு மேஜையில் உட்காருவார்.

ஒரு மத்தியானம், கண்ணாடிக்குப் பின்னால் சுண்டுவிரல் துடித்தது. அவர் வாய்விட்டு அழுதார். சொல்லிக்கொள்ள யாருமில்லை.

நான்கு மாதம் ஓடியது.

ஸுதர்சன் டைப் அடித்த ஓர் உயிலோடு வந்தான். வீடு அவனுக்கு. 'வலது கை முற்றிலும் செயலிழந்ததால் இடது பெருவிரல் ரேகை' என்று கடைசி வரி. சாட்சிக் கையெழுத்துகள் முன்பே தயார். மாமாவின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி அழுத்தினான்.

"அவ்ளோதான் மாமா. இனிமே நிம்மதியா கண்ண மூடலாம்."

கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் காசிநாதன். பின்னால் போஸ்ட்மேன் வீரபாகு. இன்ஸ்பெக்டர் கையில் ஒரு இன்லேண்டு லெட்டர். மாத்திரை மாற்றியது, வீட்டைப் பூட்டுவது... எல்லாம் அதில் இருப்பதாகச் சொன்னார்.

ஸுதர்சன் சிரித்தான். "மாமாவால ஒரு விரலக்கூட அசைக்க முடியாது சார். யாரோ விளையாடியிருக்கா."

வீரபாகு குறுக்கிட்டார். முந்தாநாள் ஜன்னல் வழியாக அது தன் கைக்கு வந்ததாம்.

"இருவது வருசம் இவர்கிட்ட வேலை பாத்துக்கினு இருந்தவன் சார் நானு. இது எங்க சார் எழுத்து."

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார்.

மடியில் கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. பேனாவைப் பற்றியது. ஸுதர்சன் முகத்தில் ஈயாடவில்லை.

புகாரை எழுதப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுதியது ஒரே வரி.

'கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.'

வீரபாகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் மாத்திரை டப்பாவைப் பையில் போட்டார். மை காயாத உயிலை எடுத்துப் படித்தார். ஸுதர்சனின் தோளில் கை வைத்தார்.

"கைநாட்டு வாங்க நல்லா தெரிஞ்சிருக்குதேபா உனக்கு. வா... ஸ்டேஷன்ல உன்னோட பத்து விரலையும் நாங்க வாங்கிக்கிறோம்."